இருபத்துநாலாம் காணிக்குத் தண்ணீர்

என் தங்கை அருந்ததி கொழும்பில் ஒரு கிழமை அரசாங்க உத்தியோகம் பார்த்தாள். உத்தியோகம் என்று சொல்வது என் வாய்க்கொழுப்பு. பேராதனையில் புவியியல் படித்துக்கொண்டிருந்தவளை 1964ஆம் ஆண்டு விடுமுறையில், குடியேற்றத் திட்டங்களின் நீர்ப்பாசன அலுவல் பார்க்கும் ஒரு கந்தோருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சம்பளம் இல்லை. ஒரு கதிரை, பாதி மேசை, பின்னேரம் ஒரு தேத்தண்ணீர். அதற்கே அம்மா மூன்று சேலைக்குக் கஞ்சி போட்டார். நான்தான் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கிளிநொச்சியில் ரயில் ஏற்றிவிட்டேன்.

எங்கள் ஐயா இளையதம்பி அப்போது வட்டவிதானை. ஒரு வாய்க்காலில் தலைப்பிலிருந்து கடைக்கோடி வரை வரிசையாக இலக்கமிட்ட இருபத்துநாலு காணிகள். யாருக்கு எப்போது தண்ணீர் என்பது ஐயாவின் சொல். வாய்க்கால்காரர் எல்லோரும் கூடிக் கை உயர்த்தித் தெரிந்தெடுத்த பதவி அது. யாழ்ப்பாணத்தில் அரைப்பரப்புத் தோட்டத்தோடு மாரடித்த மனிதருக்கு குடியேறி வந்த வன்னியில் கிடைத்த மரியாதை. அந்த மரியாதையில்தான் ஐயா நிமிர்ந்து நடந்தார். நானும்தான், ஐயா சொல்லும் காணிக்குப் போய் மடைப் பலகையைத் தூக்குவது என் வேலை.

கந்தோரில் தலைமைக் கிளாக்கர் கதிர்காமநாதன் முதல் நாளே ஒரு கட்டுப் பெட்டிசத்தைத் தூக்கி இவள் முன்னால் வைத்தாராம். எல்லாம் குடியேறியவர்கள் தமிழில் எழுதி அனுப்பிய முறைப்பாடுகள். ஒவ்வொன்றையும் படித்து ஐந்தாறு வரியில் இங்கிலீசில் சுருக்கம் எழுத வேண்டும். திங்கட்கிழமை பதினொரு பெட்டிசம் முடித்தாள். வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குத் திரும்பும்போது மாடி பஸ்ஸில் மேல்தட்டில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டு போனாளாம். எனக்குப் போட்ட தபாலட்டையில் இந்தச் சங்கதி மட்டும் மூன்று வரி.

செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த முதல் பெட்டிசம் எங்கள் வாய்க்காலுடையது. எழுதியவர் இருபத்துநாலாம் காணி வீரகத்தி. "வட்டவிதானை இளையதம்பி தனக்கு வேண்டியவர்களுக்கே தண்ணீர் விடுகிறார். என் பயிர் இரண்டு சிறுபோகமாகக் கருகுகிறது. அவரை நீக்கி வேறொருவரை நியமிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்."

அருந்ததி அதை இரண்டு தரம் படித்தாள். ஐயாவின் நேர்மை எங்கள் வீட்டில் பெரிய தொல்லை. சொந்த மைத்துனருக்கே ஒரு நிமிஷம் கூடத் தண்ணீர் விடாமல் பகை தேடிக்கொண்டவர். அந்தப் பெட்டிசத்தைக் கட்டின் அடியில் சொருகிவிட்டு அடுத்ததை எடுத்தாள். புதன்கிழமையும் அப்படியே. கட்டுக் குறையக் குறைய அது மேலே வந்துகொண்டிருந்தது. கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட நினைத்தாளாம். பிறகு என்னிடம் அதைச் சொன்னபோது அழுதாள்.

வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய்க் கதிர்காமநாதன் மேசையில் வைத்தாள்.

"சேர், இதை நான் எழுத ஏலாது. இதில சொல்லியிருக்கிறவர் என்ர ஐயா."

அவர் படித்துப் பார்த்தார். "அப்ப நீர் எழுதக்கூடாதுதான். நான் எழுதுறன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "உமக்கு அந்த வாய்க்கால் தெரியுந்தானே? தண்ணி எந்த ஒழுங்கில போகுதெண்டு ஒரு படம் கீறித் தாரும். ஆள் நல்லவரோ கெட்டவரோ எண்டு ஒண்டும் எழுத வேண்டாம்" என்றார்.

இவள் சந்தோஷமாகக் கீற இருந்தாள். ஐயாவைக் காப்பாற்ற இதைவிட வேறென்ன வேண்டும்? ஐயாவின் முறை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஊரில் பங்குக் கிணற்றில் இறைத்தவர் ஐயா. கிணற்றில் பங்காளி ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு. அதையே இங்கும் கொண்டுவந்தார். குடியேற வந்து இறங்கிய ஒழுங்கில் பெயர்களை எழுதி, ஆளுக்கு ஆறு மணித்தியாலம் என்று பிரித்தார். சண்டை சச்சரவு இல்லை. காணிகள் சீட்டுக் குலுக்கிக் கிடைத்தவை என்பதால், முதல் முறை மூன்றாம் காணிக்குப் போகும், அடுத்தது இருபத்துநாலுக்கு, திரும்ப ஆறுக்கு, பிறகு பத்தொன்பதுக்கு.

அருந்ததி கோடு கீறிக்கொண்டே போனாள். மேலே, கீழே, மேலே, கீழே. வெள்ளிக்கிழமை மத்தியானம் பென்சிலைக் கீழே வைத்தாளாம். கிணற்றில் துலாவை இறக்கினால் யாருக்கும் உடனே தண்ணீர். வாய்க்கால் அப்படியா? மூன்றாம் காணியோடு தண்ணீரை மறித்தால், அதற்குக் கீழே வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கும். வீரகத்தியின் முறை வந்ததும் முதலில் அந்த மண் குடிக்கும். குடித்து மிச்சம்தான் அவருக்கு. ஒன்றாம் காணியிலிருந்து வரிசையாக விட்டிருந்தால், நனைந்த வாய்க்காலிலேயே தண்ணீர் போகும், இவ்வளவு வீணாகாது. ஐயா யாருக்கும் வஞ்சகம் செய்யவில்லை. வீரகத்தியின் பயிர் கருகியதும் பொய்யில்லை.

படத்தை அப்படியே கொடுத்துவிட்டு, சனிக்கிழமை ரயிலேறி வந்துவிட்டாள்.

வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. குசினி வாசலில் ஐயாவை இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

"படிக்க விட்ட மனிசனையே காட்டிக் குடுத்திட்டு வந்து நிக்கிறியே! வெக்கமில்லையோ உனக்கு? அவரைப் பதவியால விலத்தப் போறாங்களடி!"

"விலத்தினாலும் விலத்துவினம், அண்ணை" என்றாள்.

ஐயா என்னைக் கையால் அமர்த்தினார். "பிள்ளை, அந்தப் படத்தை எனக்கும் கீறிக் காட்டு."

பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கீறினாள். ஐயா குனிந்து, அவள் விரல் போன வழியே கண்ணை ஓட்டினார். கடைசியில் அவர் அவளைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"யோகநாதன், பலகை தூக்கினவன் நீ. வீரகத்தியின்ர வயலுக்குத் தண்ணி எப்ப போய்ச் சேருறது?"

பொய் சொல்ல வரவில்லை. "பாதி முறை போன பிறகுதான், ஐயா."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு போகமா."

"எனக்கேன் சொல்லேல்லை?"

வாரத்தில் ஒருமுறை அந்த வரம்பில் நின்று, காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மஞ்சளித்த பயிரையும் பார்த்தேன். வீரகத்தியர் வாய்க்காரர், கோயில் கூட்டத்தில் ஒருநாள் ஐயாவை எதிர்த்துக் கதைத்தவர், காயட்டும் என்று விட்டேன். மற்றது, ஐயாவின் முறையில் பிழை இருக்கும் என்று வாய் திறக்க எனக்குப் பயம். இவள் கொழும்பில் கதிரையில் இருந்து கண்டதை, நான் காலடியில் கண்டும் மூடி வைத்திருந்தேன்.

ஐயா எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார். கலண்டர்த் தாளை அவரே மடித்து எடுத்துக்கொண்டார்.

"பிள்ளை, வா. கந்தோரில இருந்து ஆக்கள் வர முந்தி வீரகத்தியிட்டப் போய் நானே சொல்லவேணும். பயிர் இன்னும் முழுக்கப் போகேல்லை."

நானும் எழும்பினேன். "வெயில் ஐயா, சைக்கிளில ஏத்திக்கொண்டு போறன்" என்றேன்.

"வேண்டாம். நானும் பிள்ளையும் நடந்து போறம்" என்றார்.