வெள்ளிக்கிழமை செத்த செல்கள்

விளக்கேற்றும் நேரத்தில் எங்கள் வீட்டில் சாவுப் பேச்சு கூடாது. வெள்ளிக்கிழமை என்றால் கொசு செத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அம்மா முறைப்பாள். அவள் பெற்ற மகள் நான், தொண்ணூறுகளில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களைச் சாகடிப்பதையே வேலையாக வைத்திருந்தேன்.

வீடு கள்ளிக்குப்பத்தில். பஸ் மாறி வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். யாரோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து வந்த செல்கள் அங்கே குப்பிகளில் வளர்ந்தன. நன்றாகத் தின்றன, பெருகின, சாகமாட்டேன் என்று அடம் பிடித்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டினார். ஒருநாள் பீடியை இழுத்துக்கொண்டே, "அதுங்க ஏன் சாவ மாட்டேங்குது?" என்று கேட்டார். ஒழுங்கான செல்லுக்குள் பி-53 என்று ஒரு புரதம் இருக்கும், செல் பழுதானால் வளராதே என்று தடுக்கும், சரிசெய்யவே முடியாது என்றால் செத்துப்போ என்று சொல்லும், இந்தச் செல்களில் அது இல்லை என்றேன்.

"இன்ஸ்பெக்சன் ஆளு வராத ஷிப்டுன்னு சொல்லு. கண்ட பீசும் வெளிய பூடும்."

"ஆமாப்பா. அந்த ஆளத்தான் திரும்ப உள்ள அனுப்பப் பாக்குறேன். நீ மொதல்ல பீடிய உடு."

அவர் இருமி முடித்தார். "உன் செல்லு சாவட்டும். அன்னிக்கே உட்டுர்றேன்."

அவர் இருமும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்க்கிறேன் என்று எனக்குத்தானே தெரியும். அம்மாவுக்கும் அதே பயம். அப்பா சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டவள் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து காலையில் நான் செருப்பு மாட்டும்போது, "இன்னிக்காவது சாவுமா?" என்பாள், தெருவுக்கே கேட்கிற குரலில். உங்க ஊட்ல யாருக்கு ஒடம்பு முடியல என்று எதிர்வீட்டு அக்கா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஒருமுறை கரண்ட் போய், குப்பிகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் நின்றதில் எல்லாக் குப்பிகளும் செத்தன. அம்மா பீடிக்கட்டைப் பிடுங்கவே போய்விட்டாள். "இது செல்லாதும்மா. அந்தப் புரதத்தச் செய்யிற ஜீனை, அதான் மரபணுவை, போட்ட குப்பி சாவணும், போடாத குப்பி உயிரோட இருக்கணும். அப்பத்தான் புரதம் வேலை செஞ்சதுன்னு அர்த்தம்" என்றேன்.

"கரெக்டா சொல்றா பாரு எம் பொண்ணு" என்று அப்பா சந்தோஷமாக இன்னொன்றைப் பற்றவைத்தார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஜீன் போடாத குப்பியில் செல்கள் அடியில் அப்பிக்கொண்டு சொகுசாக இருந்தன. போட்ட குப்பியில் பெரும்பாலானவை சுருங்கி, உருண்டு, பிடி விட்டு மிதந்தன. குப்பியில் நடந்தது குப்பியோடு சரி, மருந்தாக வெகுதூரம் போக வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் சத்தம் போட்டுச் சிரித்தேன். பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்தும் சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா விளக்கின் முன்னால் தீக்குச்சியோடு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். என் மூஞ்சிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். குச்சி விரல்வரை எரிய, உதறிப் போட்டாள்.

"செத்துச்சா?" என்று கேட்டாள். விளக்கின் முன்னால், வெள்ளிக்கிழமை, என் அம்மா.

"செத்துச்சும்மா."

கட்டிலில் இருந்த அப்பா ஆசையாக நிமிர்ந்தார். "ரெண்டு குப்பியுமா?"

"இல்லப்பா. போடாதது ஜம்முனு கீது."

அப்பா சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து நீட்டினார். அம்மா அதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு வந்து மறுபடியும் கையை நீட்டினாள்.

"அதான் குட்த்துட்டேனே."

"காதுல கீறது யாருது?"

அப்பா காதிடுக்கில் செருகியிருந்த பீடியை எடுத்து அவள் கையில் வைத்தார். அதையும் அடுப்பில் போட்டுவிட்டு வந்துதான் அம்மா விளக்கேற்றினாள்.