போயிட்டு வாரேன் என்பதற்கு இங்கிலீஷ்

ஜப்பானுக்குப் போய் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்காகக் குட்டிக் குட்டிக் கதைகள் எழுதியதுதான். மற்றபடி அந்த ஊரில் நான் சுத்த உதவாக்கரை. நாலு வருஷம் குடியிருந்தும், கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்குமேல் அவர்கள் பாஷை எனக்கு ஏறவில்லை. பச்சை மீனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கதை மட்டும் எழுதினேன். அத்தனையும் மதுரைக் கதை.

என் கணவர் கோபே நகரத்தில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணமான மறு வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் மதுரையில் மிஷன் பள்ளியில் படித்து, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, சின்ன வகுப்புகளுக்கு ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்போது குறைந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான்.

அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. அலங்காநல்லூர்ப் பக்கம் காடு கரையோடு வளர்ந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு வந்தவள். எந்தப் பத்திரமானாலும் பெருவிரல்தான். ஆனால் பேச்சில் அவளை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு வார்த்தையையும் புளியைக் கொட்டை பார்த்து வாங்குவதுபோல் பார்ப்பாள். அதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். ஒரு நாள் மத்தியானம் அப்பாவோடு சண்டை முற்றி, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் போறேன்" என்று சொல்லிக் கிளம்பினான். ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் எழுத்து வேலை பார்ப்பதாகப் பிறகு தெரிந்தது. அப்பா இரண்டு கடிதம் எழுதினார், இரண்டும் திட்டு. பதில் இல்லை. அப்பா இறந்ததற்கும் வரவில்லை. இதில் அம்மா அப்பாவையும் குறை சொல்ல மாட்டாள், பிள்ளையையும் குறை சொல்ல மாட்டாள். அவளுக்கு எதிரி அந்த ஒரு சொல்தான்.

"போயிட்டு வாரேன்னு சொல்லியிருந்தா அவன் காலு தன்னால திரும்பியிருக்கும். போறேன்னுல்ல சொல்லிட்டான்" என்பாள்.

இதை நூறு தடவை கேட்டவள் நான். அப்படியிருந்தும் மதுரை ஸ்டேஷனில், கொழும்புக்குக் கப்பல் பிடிக்க நாங்கள் ஏறிய தனுஷ்கோடி வண்டி ஊதியபோது, பெட்டியையும் கூஜாவையும் எண்ணுகிற பதற்றத்தில், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போறேன்மா!" என்று கத்திவிட்டேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "என்ன சொன்ன? கீழ இறங்குடி" என்றாள்.

"அம்மா, வண்டி கிளம்புது."

"கிளம்பட்டும். நீ இறங்கு."

இறங்கினேன். என் கணவர் வாசற்படியில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. பிளாட்பாரத் தூணைப் பார்த்து, "ஒரு நிமிசம் பொறுத்தா ஒண்ணும் குடி முழுகிறாது" என்றாள். கார்டு பச்சைக் கொடியைக் கையில் வைத்தபடி வேடிக்கை பார்த்தார். நான் அம்மாவுக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல், "போயிட்டு வாரேன்மா" என்றேன். "போயிட்டு வா" என்றாள். பிறகுதான் என் கையை விட்டாள். ஓடுகிற வண்டியில் என்னை இழுத்துப் போட்டது யார் என்று இன்றைக்கும் தெரியாது.

கோபேயில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் சாயங்கால வகுப்பு நடத்தினாள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் பெண்கள் இங்கிலீஷ் கற்க வருவார்கள். நான் பொழுது போகாமல் போய் நின்றேன். அவள் என்னை நாலு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாரம் ஒரு கதை எழுதித் தரச் சொன்னாள். அதை டைப் அடித்து, பிரதி எடுத்து, ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுப்பாள். ஒரே நிபந்தனை, அவள் தந்த முந்நூறு வார்த்தைப் பட்டியலைத் தாண்டக் கூடாது.

கேட்க எளிதாக இருந்தது. உட்கார்ந்து எழுதினால் அல்லவா தெரிகிறது! பட்டியலில் காளை இருந்தது, ஆனால் திமில் இல்லை. திமில் இல்லாமல் அலங்காநல்லூர் மஞ்சுவிரட்டை எப்படி எழுதுவது? "காளையின் முதுகில் இருக்கும் சிறிய மலை" என்று எழுதினேன். மறு வாரம் ஒரு பெண், அந்த மலைமேல் கோயில் உண்டா என்று கேட்டாள். உண்டு என்று சொல்லிவிட்டு, அடுத்த கதையில் திருப்பரங்குன்றத்தைக் கொண்டுவந்து சேர்த்தேன். யானை என்ற சொல்லும் பட்டியலில் கிடையாது. கோயில் யானை "மிகப் பெரிய மிருகம்" ஆயிற்று. அது கடைக்காரரின் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு அவருக்கே ஆசீர்வாதம் செய்த கதையைப் படித்து, வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தெம்பில்தான் ஸ்டேஷன் கதையை எழுதினேன். ஊருக்குப் போகும் பெண் ரயிலில் இருந்து ஒரு சொல்லைத் தவறாகச் சொல்கிறாள். அம்மா அவளைக் கீழே இறக்கி, சரியாகச் சொல்ல வைத்து அனுப்புகிறாள். அவ்வளவுதான் கதை. தவறான சொல் "ஐ கோ". சரியான சொல் "ஐ வில் கோ அண்ட் கம்".

வெள்ளைக்கார அம்மாள் சிவப்புப் பென்சிலால் அதை அடித்து, மேலே "குட்பை" என்று எழுதினாள்.

"போகிறவர்கள் குட்பைதான் சொல்வார்கள். கோ அண்ட் கம் என்று யாரும் சொல்வதில்லை. இது உங்கள் நாட்டு இங்கிலீஷ். இதை என் மாணவிகள் கற்கக் கூடாது" என்றாள்.

"குட்பை சொன்னால் இந்த அம்மா ஏன் மகளைக் கீழே இறக்குகிறாள்?" என்று கேட்டேன்.

"அது கதையில் உள்ள கோளாறு. வேறு கதை எழுதுங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. மிஷன் பள்ளியில் இதே வாக்கியத்தைச் சொன்னதற்காக என்னை ஒரு மணி நேரம் பெஞ்சியில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு வெட்கப்பட்டேன், இன்றைக்குக் கோபம்தான் வந்தது. குட்பை என்ற சொல்லில் திரும்பி வருவது எங்கே இருக்கிறது? அதை வைத்துக்கொண்டு என் அம்மா எப்படிப் பிழைப்பாள்? "அந்த வரி இல்லாவிட்டால் கதையும் இல்லை. இனிமேல் எந்தக் கதையும் இல்லை" என்று சொல்லித் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு நாளாவது நான் மனுஷியாக உணர்ந்தது அந்த வகுப்பில்தான். அதையும் வாயால் கெடுத்துக்கொண்டோமே என்று படியிறங்கும்போதே கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது.

டெலிபோன் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். கையை நீட்டித் தாளை வாங்கி, படியிலேயே உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் கிடுகிடுவென்று மேலே ஓடினாள். நானும் போனேன்.

"டீச்சர், இது எங்கள் வீட்டுக் கதை" என்றாள் அந்த அம்மாளிடம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது "இத்தே கிமாசு". இத்தே என்றால் போய், கிமாசு என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர்கள் போயிட்டு வா என்றுதான் பதில் சொல்வார்கள். சொல்லாமல் போனால் அவள் அம்மாவும் வாசல்வரை துரத்திக்கொண்டு வருவாளாம். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மதுரைக்கும் கோபேக்கும் நடுவில் அத்தனை கடல் கிடக்கிறது, என் அம்மாவின் வார்த்தை எனக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது!

வெள்ளைக்கார அம்மாள் நியாயமான மனுஷி. வரியை அப்படியே அச்சிடச் சம்மதித்தாள். ஆனால் தாளின் அடியில் ஒரு குறிப்பு சேர்த்தாள்: "திஸ் இஸ் நாட் இங்கிலீஷ்."

நானும் அதற்குச் சம்மதித்தேன். தொடர்ந்து எழுதினேன். அந்தத் தாளில் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பி, பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் பாயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்படி எழுதியிருந்தேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

நாலாம் வருஷம், யுத்தம் எந்நேரமும் அந்தப் பக்கமும் வரலாம் என்று பேச்சு எழுந்து, கம்பெனிக்காரர்கள் பெண்களை முதலில் ஊருக்கு அனுப்பினார்கள். என் கணவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. சொன்னபடி வந்தும் சேர்ந்தார். துறைமுகத்துக்கு வந்திருந்த டெலிபோன் பெண், குட்பை சொல்லாமல், "ப்ளீஸ் கோ அண்ட் கம்" என்றாள். கப்பலில் ஏறியும் அழுதுகொண்டிருந்தேன்.

மதுரை ஸ்டேஷனில் அம்மா அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். "வந்துட்டேன்மா" என்றேன். "தெரியுது" என்றாள். என் தோளைப் பிடித்த கை மட்டும் வீடு வரும்வரை எடுபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், இடுப்புச் சுருக்குப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. தரையில் விரித்து, விரல் வைத்து, "ஐ... வில்... கோ... அண்ட்... கம்" என்று படித்தாள்.

கம்பவுண்டர் பாய் வாசலில் நின்று சிரித்தார். "தினம் காலையில வந்து படிக்கச் சொல்லுவாக. என்னால முடியலம்மா. அக்கா, நீங்களே படிச்சுக்கங்கன்னு எழுத்தைச் சொல்லிக் குடுத்துட்டேன். இந்தத் தாளுல இருக்குற எழுத்து அம்புட்டும் அக்காவுக்கு அத்துபடி" என்றார். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாத என் அம்மா, இங்கிலீஷ் படித்திருந்தாள்.

தாளின் அடியில் பார்த்தேன். வெள்ளைக்கார அம்மாளின் குறிப்பின்மேல் அடுப்புக்கரியால் அழுத்தமாக ஒரு கோடு.

"இங்கிலீஷ் இல்லையாம்ல. போயிட்டு வாரேன்னு சொன்னவ திரும்பி வந்துட்டாள்ல, பெறகு என்ன? அந்தம்மாளுக்கு ஒரு கடுதாசி போடு" என்றாள் அம்மா. பிறகு, குரல் தாழ்ந்து, "ரங்கூனுக்கும் ஒண்ணு போடணும். இந்தத் தாளைத்தான் அனுப்பணும்" என்றாள்.

என்னிடம் வேறு நல்ல பிரதி இருக்கிறது என்றேன். அது வேண்டாம் என்று தலையசைத்தாள். ஏன் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லி எழுதவில்லை என்று கேட்டேன். "அடுத்தவுக கையெழுத்துல கூப்பிட்டா பெத்த பிள்ளை எப்படிடி வருவான்?" என்றாள். என் பென்சிலை வாங்கி, கரிக்கோட்டுக்குக் கீழே, எழுத்துக்கு எழுத்து மூச்சுப் பிடித்து, "கம்" என்று இங்கிலீஷில் எழுதினாள். கடைசியில் வரும் பெரிய 'E' எழுத்துக்கு மூன்று கைக்குப் பதில் நாலு கை வைத்திருந்தாள். நான் திருத்தவில்லை. அப்பாவின் பெட்டியில் ஆலையின் விலாசம் கிடந்தது. அதை மட்டும் நான் எழுதினேன்.

அதன்பிறகு தபால்காரருக்கு எங்கள் தெருவில் நிம்மதி இல்லை. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. அம்மா ஓடிப்போய்த் தானே வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இந்தப் பய இங்கிலீஷ்ல எழுதியிருக்கக் கூடாதா? எனக்கு இது படிக்கத் தெரியாதேடி" என்று கார்டை என் கையில் திணித்தாள்.

அண்ணனின் கையெழுத்தை எட்டு வருஷம் கழித்துப் பார்த்தேன். தமிழில், ஒரே ஒரு சொல்.

"வாரேன்."

சத்தமாகப் படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள்.