பிரட்டு இல்லாத ஊர்

ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். ஜாசின் பக்கம் பால் எடுக்க ரப்பர் மரப்பட்டை வெட்டிக்கொண்டிருந்த நாங்கள் சிலர் மலாக்கா டவுனுக்கு வந்தோம். அங்கே கரையோரம் கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் தூரத்திலேயே நின்றுவிடும். அரிசி மூட்டையிலிருந்து ஆணிப் பெட்டி வரை எல்லாவற்றையும் தொங்கான் படகுகள்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் தூக்கி இறக்க ஆள் போதாது என்று கேள்விப்பட்டிருந்தோம்.

விடிவதற்கு முன்பே படகுகள் கட்டியிருந்த ஆற்றங்கரைக்குப் போய் வரிசையாக நின்றோம். தோட்டத்தில் காலைப் பிரட்டு என்கிற ஆள்கணக்குக்கு அப்படித்தான் நிற்போம்; கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டால்தான் வேலை. இங்கேயும் யாராவது வந்து கூப்பிடுவார் என்று அசையாமல் நின்றோம். மற்றவர்கள் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் படகுகளில் குதித்தார்கள். படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுவிட்டன. எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன ஒழுங்கு கெட்ட ஊர் இது!

கடைசிப் படகை நடத்தும் தண்டல் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்பா, சாமி ஊர்வலம் பாக்கவா நிக்கிறீங்க?"

"பேர் கூப்பிடுவாங்கன்னு நிக்கிறோம்ண்ணே" என்றேன்.

"இங்க யாருக்குப்பா உன் பேரு தெரியும்? மூட்டை தூக்குவேன்னா ஏறுலா!"

ஏறினோம். மாலையில் தோள் எரிய எரியக் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் எங்களை வேலையைவிட்டு நிறுத்திய அன்றைக்கும் ஒழுங்காக வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் நிறுத்தினார்கள்.