நான் சொன்ன பொய்ச் சாட்சி

பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் பேசிய முதல் வார்த்தை ஒரு கெட்ட வார்த்தை. கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். சூடு ஆறவில்லை போலிருக்கிறது. விளங்குகிற இடது கையால் அதைத் தட்டிவிட்டார். லோடு வண்டி ஓட்டிய காலத்தில் டயர் சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன சொல்வாரோ, அதையே என் முகத்துக்கு நேராகத் தெளிவாகச் சொன்னார். புடவையெல்லாம் கஞ்சி வழிய உட்கார்ந்து நான் சிரித்தேன், அழுதேன். இனிமேல் பேச்சு வருவது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போனேன். காஞ்சிபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஹால்தான் எங்கள் சபை. பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒருத்தருக்கு வேலை கிடைத்திருக்கும், இன்னொருத்தர் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். ஏழு மாதமாக நான் ஜெபம் கேட்கிற ஆளாகவே இருந்தேன். மற்றவர்கள் பாவம் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. அன்றைக்கு எழுந்துவிட்டேன்.

"அவரு பேசிட்டாருங்க" என்றேன்.

"என்னம்மா பேசினாரு?" பாஸ்டர் மைக்கிலேயே கேட்டார்.

ஹால் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என்ன சொல்வேன்? "ஸ்தோத்திரம்னு சொன்னாரு."

அப்படி ஒரு கைதட்டலை அந்தத் தகரக் கூரை கேட்டிருக்காது. முன்வரிசையில் இருந்தவர்கள் அழுதார்கள். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் இருந்தது. நான் பட்டுப் புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக நிற்கிறவள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டாகும் வர. அந்த ஏழு மாதமும் சபைப் பெண்கள்தான் ஆளுக்கு ஒரு நாள் வந்து அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அதிகம் வந்தவர் ஓர் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், விதவை. நகராட்சியில் விடியற்காலைத் துப்புரவு வேலை முடித்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நான் கிளம்புவதற்குள் வந்துவிடுவார். "போம்மா, நான் இருக்கேன்" என்பார். நான் செருப்பு மாட்டும்போதே என் தலையில் கை வைத்து ஒரு நிமிஷம் ஜெபிப்பார். அந்த ஒரு நிமிஷத்தின் பலத்தில் அன்றைய பொழுது ஓடும்.

இப்போது எல்லோருக்கும் அவர் ஸ்தோத்திரம் சொல்வதைக் கேட்க ஆசை. மனிதர் வாயைத் திறந்தால் வருவது அந்த ஒரே வார்த்தை. ஆகவே கூட்டம் கூடக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக ஒரு பொய் சொன்னேன். பகலில் வருகிறவர்களிடம், "இப்ப நல்லா தேறிட்டாரு, நீங்க ஏன் சிரமப்படறீங்க" என்றேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேணும்னா ஒரு போன் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப்பின் பகலில் அவர் தனிதான். பக்கத்து வீட்டுத் தறிக்காரம்மா மதியம் ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் சுவரைத் தாண்டி வரும் தறிச் சத்தம்தான் அவருக்குத் துணை.

நான் வற்றிப்போனேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலை நாலரைக்கு எழுந்து வேதத்தைத் திறப்பேன். எழுத்து தெரியும், ஒன்றும் ஏறாது. முழங்கால் போட்டபடியே தூங்கிவிடுவேன். கர்த்தர் ஒவ்வொரு நாளும் புதுப்பெலன் தருவார் என்று சின்ன வயசிலிருந்து பாடியிருக்கிறேன். எனக்கு எங்கே? பொய் சொன்ன வாயோடு போய் எப்படிக் கேட்பது? கடையிலோ உட்காரக்கூடாது. கோயிலுக்கு வந்த கூட்டம் அப்படியே கடைக்கு வரும். நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறமா வரோம்" என்று எழுந்துபோவார்கள். நான் சிரித்துக்கொண்டே நாற்பதையும் மடிப்பேன். மடிக்கும்போது, இப்போது அவர் நனைந்து கிடப்பாரோ என்ற நினைப்பு மட்டும் இருக்கும்.

வைகாசியில் வரதர் உற்சவம். அன்று சாயந்திரம் முதலாளியிடம் கெஞ்சிச் சீக்கிரம் கிளம்பினேன். கோயில் இருக்கிற சின்ன காஞ்சிபுரம் போகிற வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள், பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. கூட்டத்தில் இடிபட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் நாற்றம். காலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். தறிக்காரம்மா வீடு பூட்டியிருந்தது. அவர்களும் சாமி பார்க்கப் போய்விட்டார்கள். சோறு வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது.

துடைத்தேன். துணி மாற்றினேன். அவசரமாகப் பாலைக் காய்ச்சி ஊட்டப்போனபோது அவர் தட்டிவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

நான் அடித்தேன். கன்னத்தில். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

அவர் திருப்பித் திட்டவில்லை. விளங்குகிற அந்த ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என்மேல் கைநீட்டாத மனிதர். நான் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். ஜெபிக்கவில்லை. கடவுளே என்றுகூட வரவில்லை. மூன்றாவது தரம் அடித்துவிடுவேன் என்று மட்டும் தெரிந்தது. போனை எடுத்து அக்காவுக்கு அடித்து, "வாக்கா" என்றேன்.

அக்கா வந்தார். என் வீட்டுக்காரர் கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது. மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்தோத்திரத்திலிருந்து பால் வரைக்கும். கேட்டுக்கொண்டே அக்கா புதிதாகப் பால் ஆற்றி அவருக்கு ஊட்டினார். இரண்டு வாய் குடித்துவிட்டு அவர் அக்காவையும் அதே வார்த்தையால் திட்டினார். அக்கா அசரவில்லை, முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார்.

"சபையில சொல்லிடறேங்க்கா. பொய் சொன்னேன்னு எழுந்து நின்னு சொல்லிடறேன்."

"சொல்லு. அது ஞாயித்துக்கிழமை சமாச்சாரம். இன்னும் மூணு நாள் இருக்குது." தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு ரெண்டு வருசம் படுத்துக்கினு இருந்தாரும்மா. நானும் அடிச்சிருக்கேன். சாவறதுக்கு மொத நாளுகூட அடிச்சேன். எந்தச் சாட்சியிலயும் அத நான் சொன்னதில்ல."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். காரச் சோப்பும் தண்ணீரும் தின்ற கை.

"நீ என்னா ஜெபம் பண்ற?" என்று கேட்டார்.

"அவரு எழுந்து நடக்கணும்னு."

"அத நாங்க பண்றோம், வுடு. காலைல எழுந்தா நீ ஒண்ணே ஒண்ணு கேளு. இன்னிக்கு அடிக்கக்கூடாது. அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னேன். கைதட்டல் இல்லை. ஒரு சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பெண்களில் நான்கு பேர் ஆளுக்கு ஒரு நாள் பகலில் மறுபடியும் வருகிறார்கள். மற்ற நாட்களில் யாரும் இல்லை. அவர் நடக்கவில்லை, வேறு வார்த்தையும் வரவில்லை. எனக்கு வேதத்தில் நாலு வரிக்கு மேல் இன்னும் ஓடவில்லை.

ஆனால் காலையில் அதைக் கேட்கிறேன். சில நாள் கேட்டது இரவு வரை தாங்குகிறது. சில நாள் பல் விளக்கி முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. அப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சமையல்கட்டில் நின்று மறுபடியும் கேட்கிறேன். நேற்று மூன்று தரம் கேட்டேன். நேற்று அடிக்கவில்லை.