வாயில் கவ்விய குண்டூசி

“...எல்லாம் சரியாத்தான் இருக்கும், கை மட்டும் லேசா” என்று சொல்ல வந்த மதினி அதற்குமேல் போகாமல் நின்றார். எதிரே பண்ணைப்புரத்து அம்மா ஒருவர், பக்கத்தில் அவருடைய மகள், கல்யாணப்பெண். பெண்ணின் கையில் முகூர்த்த ஜாக்கெட். நான் ஓரமாக உட்கார்ந்து வேறொரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அப்போது உத்தமபாளையத்தில் தையல்கடை வைத்திருந்தார். சொந்தக்காரி என்று புகழவில்லை, அவர் வெட்டிய கழுத்து ஒரு சுருக்கம் இல்லாமல் உட்காரும். ஆனால் தைத்த துணியை வாங்க ஆள் வந்துவிட்டால் வாய் முந்திக்கொள்ளும். “முதுகுல கொஞ்சம் இழுத்துருச்சுத்தா.” “இடுப்புப் பட்டி ஒரு நூல் அளவு ஏறிப்போச்சு, பாத்துக்கங்க.” அதுவரை சிரித்த முகமாக நின்றவள் உடனே முதுகைத் தடவிப் பார்ப்பாள். இல்லாத சுருக்கம் தெரிய ஆரம்பிக்கும். அடுத்த ஜாக்கெட் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த கடைக்குப் போய்விடும்.

“சம்பளம் வாங்காம அந்தக் கடைக்கு ஆள் பிடிச்சு விடுறா ஒங்க மதினி” என்பார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால், வர்ற சித்திரையோடு கடையைக் காலி பண்ணி மிஷினை வீட்டுக்கே கொண்டு வந்துவிடலாம் என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மதினி அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். “ஏன் மதினி, நல்லாத் தச்சுட்டு நீங்களே குத்தம் சொல்றீக?”

“கல்யாணமான புதுசுல ஒங்க சின்னம்மாவுக்குத் தச்சுக் குடுத்தேன். வீடு நெறைய ஆளு இருக்கையில தூக்கிப் பிடிச்சு, இது ஜாக்கெட்டா தலகாணி உறையான்னு கேட்டாக. எல்லாரும் சிரிச்சாக. அன்னையிலருந்து, அடுத்தவுக வாயில கேக்குறதுக்கு என் வாயிலயே கேட்டுக்கிட்டாத் தேவலன்னு ஆயிப்போச்சுத்தா.”

“சின்னம்மா ஒருநாளும் நம்ம கடைக்கு வந்ததில்லயே.”

“வர்றவுக எல்லாம் எனக்கு அவுக மாதிரியேதான் தெரியிறாக.”

வைத்தியம் தற்செயலாகத்தான் வந்தது. ஒருநாள் மதினி உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒருத்திக்கு அளவு சரிபார்க்கும்போது பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வந்தார். தைத்து வைத்திருந்ததைப் போட்டுப் பார்த்தார். மதினியால் “ம்ம்” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியவில்லை. டீச்சர் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, “ஜம்முன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் தங்கச்சியையும் கூட்டிவந்தார்.

“இனி ஆள் வந்தா ஊசியக் கவ்விக்கங்க மதினி” என்றேன், விளையாட்டுக்கு. அவர் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கை தானாகக் குண்டூசி டப்பாவுக்குப் போகும். வந்தவர்களும் அடுத்த கடைக்குப் போகாமல் நிலைக்க ஆரம்பித்தார்கள். இப்படி ஒரு வழி இருப்பது இத்தனை வருசமாகத் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அண்ணனுக்குத்தான் வருத்தம்.

இந்தப் பண்ணைப்புரத்து அம்மா துணி கொடுக்கும்போதே, “இது அமைஞ்சுச்சுன்னா கல்யாண வீட்டுத் துணி பூராம் இங்கனதான்” என்று சொல்லியிருந்தார். அது நடந்தால் சித்திரை தாண்டியும் கடை இருக்கும். அவர் திரும்பி வந்த நேரம் பார்த்து என் முழங்கை பட்டு டப்பா கவிழ்ந்தது. ஊசியெல்லாம் மிஷினுக்கு அடியில். மதினிக்குக் கவ்வ ஒன்றுமில்லை.

“கை மட்டும் லேசா என்ன?” என்றார் அந்த அம்மா.

மதினி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல. போட்டுப் பாருத்தா” என்று கண்ணாடிக்கு மேலிருந்த லைட்டைப் போட்டுவிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த பெண் கையைத் தூக்கினாள், இறக்கினாள், கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. “நீயே பாத்துக்கிட்டு இருந்தா மத்தவுகளுக்கு எப்பத் தைக்கிறது?” என்று அவளை அதட்டிவிட்டு, அம்மா பெரிய துணிப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

கீழே குனிந்து பொறுக்கிய குண்டூசிகளை நான் மெதுவாக நீட்டினேன். மதினி வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார்.