சிமெண்ட் எடுத்த உபயம்

உடையார்பாளையம் பக்கத்தில் லாரி ராசாங்கம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல் லோடு அடித்து முன்னுக்கு வந்தவர். எதற்கும் சிமெண்ட்தான் மருந்து என்று நம்புகிறவர். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர்க்காரரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! ஊர்ச் சிவன் கோயிலின் பழைய கல் மண்டபத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு தெரிந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு லோடு சிமெண்ட் இறக்கி அத்தனையையும் அடைத்துவிட்டார். வாசலில் கான்கிரீட் வளைவு கட்டி, ‘சிமெண்ட் உபயம்: ராசாங்கம்’ என்று பளிங்குக் கல்லும் பதித்தார். போகிற வருகிறவர்களை நிறுத்திப் படிக்கவைப்பார்.

சில வருஷத்தில் தூண்களின் தலைப்பக்கம் கல் விரிசல் விடத் தொடங்கியது. சோதிக்க வந்த இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவர் மகள் சிவரஞ்சனியேதான். இப்படியே விட்டால் மண்டபத்தைப் பூட்ட வேண்டியதுதான், வரப்போகிற குடமுழுக்குக்கு ஒருவரும் உள்ளே போக முடியாது என்று சொல்லிவிட்டாள்.

“அந்தக் காலத்துல தெரியாம விட்ட இடுக்கு இல்லப்பா அது. பூமி ஆடுனா கல்லு கொஞ்சம் அசைஞ்சு குடுத்து, திரும்ப அதது எடத்துல உக்காரும். நீங்க அசைய விடாம கட்டிப் போட்டுட்டீங்க. அதான் வெடிக்குது.”

பெற்ற மகளே இப்படிச் சொன்னால் மனுஷனுக்கு ரோஷம் வராதா? மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். டீக்கடையில் அவர் தலைதான் உருண்டது. ஆனால் ஒருநாள் அன்னதானப் பந்தியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இலையில் மேலிருந்து கற்சில்லு விழுந்ததைக் கண்ணால் பார்த்தார். மறுநாள் காலையில் உளியோடு சாரத்தில் ஏறியவர், சிமெண்ட் முழுக்க வெளியே வரும்வரை ஆட்களோடு நின்றார். விரிசல் விட்ட தூண்களையும் தன் செலவிலேயே மாற்றினார்.

குடமுழுக்கு முடிந்து மண்டபம் நிறையப் பந்தி. திடீரென்று தரை நடுங்கியது. சாம்பார் வாளி தானாக ஆடியது, தலைக்கு மேல் கற்கள் கடகடத்தன. மகள் உள்ளே நின்றாள். வெளியே நின்ற ராசாங்கத்துக்கு உயிரே போய்விட்டது. அவர் உள்ளே ஓடுவதற்குள் எல்லாம் அடங்கியது. ஒரு சில்லுகூட விழவில்லை. வாசல் வளைவுதான் பிளந்து, பளிங்குக் கல் இரண்டாகக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் ராசாங்கம் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. மகளை ஊர் பார்க்கத் தோளோடு சேர்த்துக்கொண்டு, கோயில் கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டார்.

“புதுக் கல்லு வெட்டுங்க. ‘சிமெண்ட் எடுத்தது உபயம்’னு போடுங்க. எம்மவ பேரு மேல, எம்பேரு கீழ.”