கடலுக்குப் போன வாசல் கதவு

மண்ணெண்ணெய் இல்லாத கடலை என் தங்கச்சி ஜெஸீமா வென்றாள். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றுகிறவனிடமிருந்து தன் புருசனை மீட்டாள். மூதூர்க் கரையில் எல்லோரும் சிரித்த சிரிப்பையும் வென்றாள். நான் அவளுக்கு மூத்தவள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் அதுவும் இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

அவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்தபோது தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை. ஊரை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது உம்மா படுத்த படுக்கை. தங்கச்சி சமைக்கக் குசினிக்குள் நின்றவள்தான், பிறகு பள்ளிக்குப் போகவில்லை. தையல் மட்டும் பழகினாள். அளவை எழுதத் தெரியாததால் நூலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வாள். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் கையெழுத்துக்குப் பெருவிரலைத்தான் பதிப்பாள். பதித்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். வாப்பா அவளுக்குக் கட்டிய வீடு கடலைப் பார்த்தது. சுவருக்குப் பூச்சுப் பூசக் காசு மிஞ்சவில்லை, ஆனாலும் வாசலுக்குத் தேக்கங்கதவு போட்டார். அவள் புருசன் றிகாஸ் கொண்டு வந்தது ஒரு ஃபைபர் போட்டும் எஞ்சினும்.

2022ஆம் ஆண்டு உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியது. எங்கள் நாட்டில் அதை வாங்க டொலரே இல்லை. மண்ணெண்ணெய் வரிசையில் கான்கள் கிடந்தன, ஆட்கள் பக்கத்தில் படுத்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் போட்டுகள் மணலில் காய்ந்தன. தைக்கக் கொடுக்க யாரிடமும் துணி இல்லை. ஒரு நேரச் சோற்றைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு இருவரும் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே றிகாஸ் சொன்னார்.

"ஒருத்தன் கதைச்சவன். காசு வேணாமாம். போட்டையும் எஞ்சினையும் குடுத்தா அவுஸ்திரேலியாவுக்கு ஏத்துவானாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடியப் பயணம்."

"ஏத்துவான்," என்றாள் ஜெஸீமா. "இறக்குவானா?"

"இஞ்ச இருந்து என்னத்தத் தின்ன?"

அடுத்த நாள் ஜெஸீமா, கலியாணத்துக்கு மஹராக வந்த தங்கச் சங்கிலியை விற்க, தோணியேறி அக்கரை டவுனுக்குப் போனாள். தோணியையும் அப்போது துடுப்பால்தான் வலித்தார்கள். பின்னேரம் பெரிய பொதியோடு வந்தாள்.

"அரிசி வாங்கினியா புள்ள?" என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. மழைக்குக் கூரையில போடுற நீலப் படங்கு."

"படங்கா? அவிச்சா தின்னப் போறீங்க?"

"போட்டுக்குப் பாய் தைக்கப் போறன். எண்ணெய் இல்லாட்டி என்ன, காத்து இருக்குதானே."

எல்லோரும் தங்கத்தைப் பூட்டி வைத்த நேரம் அவள் அதைக் காற்றில் முதல் போட்டாள். கரண்ட் இல்லை, மிதி மெசின்தான். தடித்த படங்கில் ஊசிகள் முறிந்தன. ஊசி முடிந்தபின் கோணி ஊசியால் கையிலேயே தைத்தாள்.

முதல் பாய் படுக்கை விரிப்புப் போலத் தட்டையாக இருந்தது. மூங்கிலில் கட்டி றிகாஸ் கடலில் இறங்கினார். கரையிலிருந்து வெளியே அடிக்கும் கச்சான் காற்று போட்டைக் கொண்டு போனது, திருப்பிக் கொண்டு வரவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் போட் பக்கவாட்டில் வழுக்கியது. கடைசியில் சம்பூர்ப் பக்கம் கரை தட்டி, மனுசன் வெறுங்காலோடு நடந்து வந்தார். பிறகு போய்ப் போட்டைத் துடுப்புப் போட்டு எடுத்து வந்தார்கள்.

"என்ன றிகாஸ்," என்றார் ஆதம்பாவா காக்கா. ஊருக்கே மூத்த அண்ணன் முறையான அவரும் எண்ணெயில்லாமல் கரையில் குந்தியிருந்தவர்தான். "போகேக்க காத்துல, வரேக்க காலிலயா?"

கரை முழுக்கச் சிரித்தது. றிகாஸ் வீட்டுக்கு வந்து, "பெருநாள் முடிய நான் போறன்," என்றார்.

ஜெஸீமா மெசினின் பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, துணி வழுக்காம மெசின்ட பாதம் அழுத்திப் பிடிக்குது. போட்டத் தண்ணிக்குள்ள பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. அதுதான் வழுக்குது. ஒரு பலகை இறக்க வேணும். பாயையும் தட்டையா வெட்டினது பிழை. சட்டைக்கு நெஞ்சுப் பக்கம் மடிப்புப் பிடிக்கிற மாதிரி, காத்து நிரம்ப இடம் விட்டிருக்க வேணும்."

பாயைப் பிரித்துத் தைத்தாள். பலகை வாங்கக் காசில்லை. தேங்காய் வெட்டும் கத்தியால் வாசல் கதவின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"வாப்பா போட்ட கதவு புள்ள!"

"கதவு இருந்து என்ன ராத்தா? உள்ள இருக்கிற ஆள் போகப்போறாரே."

றிகாஸ் கோபத்தில் கத்தினார். "வாசல் கதவத் தொங்கவிட்டுக்கொண்டு கடலுக்குப் போகவா? ஊர் என்ன சொல்லும்?"

"வீடு என்ர, கதவும் என்ர. போட் உங்கட. ஒருக்காப் போயிட்டு வாங்க. வர ஏலாட்டி, அவனோடயே போங்க. நான் மறிக்கமாட்டன்."

போட்டின் பக்கத்தில் கதவைக் கயிற்றால் தொங்கவிட்டு, பாதி தண்ணீருக்குள் இறக்கி அவர் போனார். நாங்கள் கதவில்லாத வாசலில் இருந்தோம். கச்சான் ஏறி ஏறி அடித்தது. பாய் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியானது, பிறகு அதுவும் இல்லை. நான் ஓதிக்கொண்டிருந்தேன். அவள் ஓதவில்லை, கடலை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. அவரைப் போகாமல் பிடிக்கச் செய்த வேலையே அவரைக் கொண்டுபோய்விட்டதோ என்று அவள் நினைத்திருப்பாள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மதிய ளுஹர் தொழுகைக்குப் பிறகு நீலப் பாய் தெரிந்தது. ஆனால் டவுன் பக்கம் போனது. "அல்லாஹ், மாறிப் போறாரே," என்றேன். பாய் திரும்பியது, இப்போது சம்பூர்ப் பக்கம் போனது. பிறகும் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

"மாறிப் போகல்ல," என்றாள் ஜெஸீமா. "காத்துக்கு எதிரா வளைச்சு வளைச்சுத் தையல் போட்டு வாறார் ராத்தா."

போட் கரை சேர்ந்தபோது மீன் ஒரு சட்டிக்குத்தான் இருந்தது. ஆதம்பாவா காக்கா கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "புள்ள, எங்கட வீட்டுக் கதவு வேப்பமரம். அது சரிவருமா?"

பெருநாள் முடிந்து அந்த ஆள் ஏற்றுகிறவன் வந்தான். றிகாஸ் போகவில்லை. அவனோடு போன சிலரைப் பற்றி இன்றுவரை கதையே இல்லை. ஆனாலும் அவன் திரும்பத் திரும்ப வந்தான். சோறு குறைந்த நாட்களில் றிகாஸ் அவனோடு நின்று கதைத்ததை நானே கண்டேன். கடைசியில் அவரே அவளிடம் சொன்னார்:

"போட் என்ர பேரில கிடந்தா ஒரு நாளைக்கு எனக்குப் புத்தி மாறி அவனுக்குக் குடுத்திடுவன். உன்ர பேருக்கு மாத்துவம்."

கடலுக்குப் பயப்படாதவள் அந்தக் கையெழுத்துக்குப் பயந்தாள். நான் தையல் சோக்கால் அவள் பெயரைப் படங்குத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதன் மேல் நூலால் தைத்தாள். பிரித்துப் பிரித்துத் தைத்தாள், கை அந்த வளைவுகளைப் பழகும்வரை.

போட் பதியும் கந்தோரில் விரல் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனையை எடுத்தாள். எழுத்து ஒன்றும் விடுபடவில்லை. ஜெஸீமா. 2022 ஓகஸ்ட் 17, புதன்கிழமை.